ஏன் அப்போதே சொல்லவில்லை?

பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் கோயம்புத்தூர் மகளிர் நீதிமன்றம் 2025 மே 13 அன்று தீர்ப்பு வழங்கியது. குற்றம் சாட்டப்பட்ட ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை. பாதிக்கப்பட்ட எட்டுப் பெண்களுக்கு மொத்தம் 85 இலட்சம் ரூபாய் இழப்பீடு. 2019 முதல் இந்த வழக்கைக் கவனித்து வந்த தமிழக மக்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டனர். ஊடகங்களும் தண்டனையின் கடுமையைப் பற்றி நிறையப் பேசின. ஆனால் அந்த வழக்கில் இன்னொரு செய்தியும் உண்டு. அரசுத் தரப்பில் விசாரிக்கப்பட்ட 48 சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழ்சாட்சியாக மாறவில்லை. ஊர்ப் பேச்சுக்கும் அச்சத்துக்கும் நடுவே ஆறு ஆண்டுகள் அந்தப் பெண்கள் தங்கள் சொல்லில் உறுதியாக நின்றார்கள்.

தண்டனையைவிட இந்த உறுதியே நம்மை அதிகம் சிந்திக்க வைக்க வேண்டும். ஏனெனில் இப்படிப்பட்ட செய்தி வெளிவரும் ஒவ்வொரு முறையும், தேநீர்க் கடையிலும் பேருந்திலும், ஏன், திருப்பலி முடிந்து கோவில் வளாகத்தில் நின்று பேசும்போதும்கூட, ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது: "நடந்தது உண்மை என்றால் அவள் ஏன் அப்போதே சொல்லவில்லை?"

இப்படிக் கேட்பவர்கள் எல்லாரும் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமான கேள்விதான். ஆனால் மனித மனம் காயப்படும்போது அதற்குள் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி மருத்துவமும் உளவியலும் நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்த்துள்ள அறிவு, இந்தக் கேள்விக்கு வேறொரு பதிலைத் தருகிறது. அந்தப் பதிலில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

வெட்கமே முதலீடு

பொள்ளாச்சிக் கும்பல் செயல்பட்ட விதத்தை நினைத்துப் பாருங்கள். சமூக வலைத்தளங்கள் வழியாக இளம்பெண்களுடன் பழகினார்கள். நம்ப வைத்துத் தனியிடத்துக்கு அழைத்துச் சென்றார்கள். வன்கொடுமை செய்து அதைக் கைப்பேசியில் படம் பிடித்தார்கள். பிறகு அந்தப் படத்தைக் காட்டியே மீண்டும் மீண்டும் மிரட்டினார்கள். அவர்கள் கையிலிருந்த உண்மையான ஆயுதம் அந்தப் படமே. வெளியே தெரிந்தால் தண்டனை பெற வேண்டியவர்கள் அவர்கள். ஆனால் வெளியே தெரிந்துவிடுமோ என்று நடுங்கியது அந்தப் பெண்கள். "இவள் வீட்டில் சொல்லமாட்டாள்" என்ற நம்பிக்கையில்தான் அவர்களுடைய கொடுமை முழுவதும் நின்றது. அந்த நம்பிக்கை அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? நம் குடும்பங்களும் நம் தெருக்களும் எப்படிப் பேசும் என்பதை அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

2019 பிப்ரவரியில் ஒரு கல்லூரி மாணவி துணிந்து புகார் கொடுத்தார். அதற்குப் பிறகு நடந்தது என்ன? அவருடைய அண்ணன் தாக்கப்பட்டார். உயர் காவல் அதிகாரி ஒருவர் செய்தியாளர்கள் முன் அந்த மாணவியின் பெயரையே சொல்லிவிட்டார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 2024 டிசம்பர் 23 இரவு, சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவிக்கு வன்கொடுமை நேர்ந்தது. அவர் மறுநாளே புகார் கொடுத்தார். அவருடைய அடையாளங்கள் அடங்கிய முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்து பரவியது. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, பெண் அதிகாரிகளைக் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. அந்த மாணவிக்கு 25 இலட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்கவும் ஆணையிட்டது. அந்த வழக்கில் 2025 ஜூன் 2 அன்று குற்றவாளிக்கு, குறைந்தது 30 ஆண்டுகள் சிறையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு ஆயுள் தண்டனை கிடைத்தது.

"ஏன் அப்போதே சொல்லவில்லை?" என்று கேட்கும் சமூகம், உடனே சொன்னவர்களை எப்படி நடத்தியது என்பதை இந்த இரண்டு நிகழ்வுகளும் காட்டுகின்றன. மௌனத்துக்கு இது வெளியிலிருந்து வரும் காரணம். உள்ளிருந்து வரும் காரணங்களும் உண்டு.

மரத்துப்போகும் மனம்

பேராபத்து வரும்போது ஒருவர் எதிர்த்துப் போராடுவார், அல்லது தப்பி ஓடுவார் என்று நாம் எதிர்பார்க்கிறோம். மூன்றாவது ஒன்றும் உண்டு. போராடவும் முடியாது, ஓடவும் முடியாது என்ற நிலையில் உடல் அப்படியே உறைந்து போகிறது. கை கால் அசையாது, குரல் எழாது. "கல்லாய்ச் சமைந்து போனாள்" என்று நம் பாட்டிமார் சொல்வது இதைத்தான். ஸ்டாக்ஹோம் நகரில், வல்லுறவுக்கு ஆளாகி ஒரு மாதத்துக்குள் சிகிச்சைக்கு வந்த 298 பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2017-இல் வெளியானது. அவர்களில் 70 விழுக்காட்டினர் அந்த நேரத்தில் தங்கள் உடல் குறிப்பிடத்தக்க அளவு உறைந்து போனதாகக் கூறினர். எனவே "அவள் ஏன் கத்தவில்லை?" என்பது, வலிப்பு வந்து விழுந்தவரிடம் "ஏன் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை?" என்று கேட்பதைப் போன்றது.

உடல் உறையும்போது மனமும் ஒரு வேலை செய்கிறது. தாங்க முடியாத வேதனையிலிருந்து அது தன்னைத் துண்டித்துக்கொள்கிறது. நடப்பது தனக்கு இல்லை, வேறு யாருக்கோ நடக்கிறது என்பதுபோல் தோன்றும். ஒலிகள் எங்கோ தொலைவில் கேட்பதுபோல் இருக்கும். சிலர் கூரையின் மேலிருந்து தங்களையே பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொல்கிறார்கள். இதை உளவியலில் 'டிசோசியேஷன்' என்பார்கள். நம் பேச்சுவழக்கில் 'மனம் மரத்துப்போதல்' என்று சொன்னால் ஓரளவு பொருந்தும். பிரான்சு நாட்டு அறிஞர் பியேர் ழானே 1889-ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி விரிவாக எழுதினார். இது நடிப்பு அல்ல. உயிர் பிழைப்பதற்காக மனம் கையாளும் கடைசி வழி.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. மரத்துப்போன நிலையில் பதிந்த நினைவு, முதல்-நடு-முடிவு என்று வரிசையாகப் பதிவதில்லை. ஒரு வாசனை, ஒரு சட்டையின் நிறம், ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியின் சத்தம் தெளிவாக நினைவிருக்கும். நாளும் நேரமும், எது முன் எது பின் என்பதும் கலங்கியிருக்கும். விசாரணையில் "எத்தனை மணிக்கு?" என்று கேட்டால் அவர் தடுமாறுவார். "பொய் சொல்கிறாள், அதனால்தான் முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறாள்" என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். கண்ணீர் இல்லாமல் பேசினால், "இவ்வளவு நடந்தும் எப்படி இப்படிச் சாதாரணமாகப் பேசுகிறாள்?" என்கிறோம். அந்த மரத்த குரல்தான் காயத்தின் அடையாளம் என்பது நமக்குத் தெரிவதில்லை.

முதல் உலகப்போரில் உடலில் காயம் இல்லாமலே நடுங்கியும் பேச்சிழந்தும் போன படைவீரர்களைக் கோழைகள் என்றார்கள். 1915-இல் சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் அவர்களுடைய நிலையை மருத்துவ இதழில் எழுதினார். வியட்நாம் போருக்குப் பிறகுதான், 1980-இல், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இத்தகைய அதிர்ச்சிக் காயத்தைத் தனி நோயாகத் தன் கையேட்டில் சேர்த்தது. போர்க்களத்து வீரருக்கு நேர்வதும், சொந்த வீட்டுக்குள் கொடுமைப்படுத்தப்படும் பெண்ணுக்கும் குழந்தைக்கும் நேர்வதும் ஒரே வகைக் காயம் என்று 1992-இல் தம் நூலில் எடுத்துக்காட்டினார் ஜூடித் ஹெர்மன் என்ற மனநல மருத்துவர். 2022 முதல் நடைமுறையில் உள்ள உலக நலவாழ்வு நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், நீண்டகாலக் கொடுமையால் வரும் சிக்கலான அதிர்ச்சிக் காயத்தைத் தனியாகக் குறிப்பிடுகிறது. அதன் அறிகுறிகளில் ஒன்றாக ஆழ்ந்த வெட்க உணர்வையும் அது சேர்த்திருக்கிறது.

குற்ற உணர்வு வேறு, வெட்கம் வேறு

"நான் தவறு செய்துவிட்டேன்" என்பது குற்ற உணர்வு. "நானே தவறானவள்" என்பது வெட்கம். குற்ற உணர்வு மனிதரை வாய்திறக்கத் தூண்டும். மன்னிப்புக் கேட்கவும், செய்த தீமையைச் சரிசெய்யவும் அழைத்துச் செல்லும். வெட்கமோ முகத்தை மூடிக்கொள்ளச் சொல்லும். கொடுமைக்கு ஆளானவர்களை வாட்டுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது உணர்வே. செய்தவர் நிமிர்ந்து நடக்கிறார், அனுபவித்தவர் தலைகுனிகிறார்.

ஏன் இப்படி? தந்தையையோ மாமாவையோ நம்பி வாழும் ஒரு குழந்தையால், "இவர் கெட்டவர்" என்று எண்ணிக்கொண்டு அதே வீட்டில் வாழ முடியாது. "நான்தான் கெட்ட பிள்ளை, அதனால்தான் இப்படி நடக்கிறது" என்று எண்ணிக்கொள்வது அதற்கு எளிதாக இருக்கிறது. வளர்ந்த பின்னும் அந்த எண்ணம் உள்ளே தங்கிவிடுகிறது.

இதோடு நம் மொழியும் சேர்ந்துகொள்கிறது. பல ஆண்டுகள் நம் நாளிதழ்கள் இந்தக் குற்றத்தைக் 'கற்பழிப்பு' என்றே எழுதின. அந்தச் சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். அடித்தவனைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. அந்தப் பெண்ணிடம் ஏதோ அழிந்துவிட்டது என்று மட்டும் சொல்கிறது. 'சீரழிக்கப்பட்டவள்', 'கெட்டுப்போனவள்', 'குடும்ப மானம் போய்விட்டது' என்பவையும் அப்படியே. திருட்டு நடந்த வீட்டுக்காரரை நாம் 'கெட்டுப்போனவர்' என்று சொல்வதில்லையே! இன்று 'பாலியல் வன்கொடுமை' என்று எழுதும் வழக்கம் வந்திருப்பது நல்ல மாற்றம். நம் வீட்டுப் பேச்சிலும் அந்த மாற்றம் வர வேண்டும்.

நம் வீட்டுக்குள்ளும்

இதைப் பிறர் குற்றமாக மட்டும் பேசிவிட்டு நாம் நகர முடியாது. ஆஸ்திரேலியாவில் 2013 முதல் 2017 வரை செயல்பட்ட அரச விசாரணை ஆணையம், திருஅவை நிறுவனங்கள் உட்படப் பல நிறுவனங்களில் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களின் சாட்சியங்களைக் கேட்டது. அவர்கள் தங்களுக்கு நேர்ந்ததை வேறொருவரிடம் சொல்ல எடுத்துக்கொண்ட காலம் சராசரியாக ஏறத்தாழ 24 ஆண்டுகள். அவர்களில் ஆண்கள் பலர். "ஆம்பளைப் பிள்ளைக்கு என்ன ஆகிவிடும்?" என்று கேட்கும் நம்மூர்ப் பேச்சு, சிறுவர்களின் வாயை இன்னும் இறுக்கமாக அடைக்கிறது.

பிரான்சு நாட்டில் 2021 அக்டோபர் 5 அன்று தனி ஆணையம் வெளியிட்ட அறிக்கை, 1950 முதல் அருள்பணியாளர்களாலும் துறவியராலும் பாதிக்கப்பட்ட சிறார் ஏறத்தாழ 2,16,000 பேர் இருப்பர் என மதிப்பிட்டது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2018 ஆகஸ்டில் இறைமக்கள் அனைவருக்கும் எழுதிய மடலில் இந்தக் காயத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். 2019-இல் அவர் வெளியிட்ட சட்டம், இத்தகைய குற்றங்களை அறியும் அருள்பணியாளரும் துறவியரும் அவற்றைத் திருஅவை அதிகாரிகளுக்குத் தெரிவிப்பதைக் கடமையாக்கியது. திருஅவையின் நற்பெயரைக் காப்பாற்றுவதாக எண்ணி மௌனம் காத்தவர்கள், காயப்பட்டோரின் வெட்கத்தையே பூட்டாகப் பயன்படுத்தினார்கள். இதை அருள்பணியாளர்களாகிய நாங்கள் மறுக்க முடியாது.

சாமுவேல் இரண்டாம் நூலின் 13-ஆம் அதிகாரத்தில் தாவீதின் மகள் தாமாரின் வரலாறு இருக்கிறது. தந்தை வழியில் மட்டும் சகோதரனான அம்னோனால் வன்கொடுமைக்கு ஆளான தாமார் மௌனமாக இருக்கவில்லை. ஆடையைக் கிழித்துக்கொண்டு, தலையில் சாம்பலோடு, அழுதுகொண்டே வெளியே வந்தாள். அவளை மௌனமாக்கியது எதிரியல்ல. அவள்மீது பாசம் கொண்ட உடன்பிறந்த அண்ணன் அப்சலோம். தந்தை தாவீது சினம் கொண்டார். ஆனால் நடவடிக்கை எதுவும் எடுக்கவில்லை. தாமார் அண்ணன் வீட்டில் துயரத்தோடு ஒடுங்கிப்போனாள். இரண்டு ஆண்டுகள் கழித்து அம்னோன் கொலை செய்யப்பட்டான். அரச குடும்பமே சிதறியது. "வெளியே சொல்லாதே, நம்மாளுதானே" என்று பாசத்தோடு சொல்லப்படும் சொல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆற்றுப்படுத்துதல் என்ன செய்கிறது?

உளநல சிகிச்சை என்றதும், நடந்ததை எல்லாம் முதல் நாளே கிளறிக் கேட்பார்கள் என்று பலர் அஞ்சுகிறார்கள். நல்ல சிகிச்சை அப்படிச் செய்வதில்லை. ஜூடித் ஹெர்மன் வகுத்த மூன்று படிகளைப் பல சிகிச்சையாளர்கள் பின்பற்றுகிறார்கள். முதலில் பாதுகாப்பு: கொடுமை நின்றிருக்க வேண்டும், தூக்கமும் உணவும் சீராக வேண்டும், மனம் மரத்து விலகும்போது தன்னை இந்த நிமிடத்துக்குத் திருப்பிக் கொண்டுவரக் கற்க வேண்டும். பாதங்களைத் தரையில் நன்றாக ஊன்றுவது, கண்முன் தெரியும் ஐந்து பொருள்களை வாய்விட்டுச் சொல்வது போன்ற எளிய பயிற்சிகள் இதற்கு உதவும். அடுத்ததாக, அவர் தாங்கும் அளவுக்கு, அவர் விரும்பும் வேகத்தில், நடந்ததை நினைத்துப் பேசி, இழந்ததற்காக அழுவது. மூன்றாவதாக, மீண்டும் உறவுகளோடும் வாழ்வோடும் இணைவது.

இதற்கென்றே அமைந்த பேச்சு சிகிச்சை முறைகளை உலக நலவாழ்வு நிறுவனம் 2013-இல் பரிந்துரைத்தது. கொடிய நிகழ்வு நடந்த உடனேயே ஒருவரைக் கட்டாயப்படுத்தி முழுவதையும் விவரிக்க வைக்க வேண்டாம் என்றும் அதே வழிகாட்டி கூறியது. "அதன் பிறகு என்ன செய்தான்?" என்று தூண்டித் தூண்டிக் கேட்பது காயத்தைக் கிளறுவதோடு, நினைவையும் குழப்பிவிடக்கூடும். மறந்த நினைவுகளை மீட்பதாகச் சொல்லி 1980-களிலும் 1990-களிலும் அமெரிக்காவில் சிலர் கையாண்ட முறைகள், நடக்காதவற்றையும் நடந்ததாக எண்ண வைத்தன. ஆகவே உண்மையை விசாரிப்பதை நீதிமன்றத்துக்கும், நினைவைக் கையாள்வதைப் பயிற்சி பெற்றவருக்கும் விட்டுவிட வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவருக்கும் நீதி வேண்டும் என்பதால் இது இன்னும் அவசியம்.

ஆனாலும் ஒன்றை எந்தச் சிகிச்சையாளரும் தனியாகச் செய்துவிட முடியாது. தன் கதையைக் கேட்டு முகம் சுளிக்காத, பார்வையைத் திருப்பிக்கொள்ளாத ஒரு மனிதரின் முன்தான் வெட்கம் கரைகிறது. வாரம் ஒரு மணி நேரம் அந்த முகம் சிகிச்சை அறையில் கிடைக்கும். மீதி நேரமெல்லாம் அவர் பார்ப்பது நம் முகங்களை அல்லவா?

நம் பங்கில் என்ன செய்யலாம்?

ஒருவர் சொல்லத் தொடங்கினால் அமைதியாகக் கேளுங்கள். "ஏன் அங்கே போனாய்?" என்ற கேள்வி வேண்டாம். "சொன்னது நல்லது, இது உன் தவறு அல்ல" என்ற இரண்டு வாக்கியங்கள் போதும்.

பெயரைக் காப்பாற்றுங்கள். அன்பியக் கூட்டத்தில் மன்றாட்டு என்ற பெயரில்கூட அந்தக் குடும்பத்தைக் குறிப்பிட வேண்டாம். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டுவரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால், "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவின்படி, அதை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். பள்ளித் தாளாளருக்கும், விடுதிப் பொறுப்பாளருக்கும், மறைக்கல்வி ஆசிரியருக்கும் இந்தக் கடமை உண்டு. குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, மனநல ஆலோசனைக்கு 14416 ஆகிய இலவச எண்களை ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம்.

வெறித்துப் பார்க்கும், திடீரென்று நடுங்கும், வேறு குரலில் பேசும் பிள்ளையைக் கண்டதும் பேய் என்று முடிவு கட்டி இங்கும் அங்கும் இழுத்துச் செல்லாதீர்கள். ஆயரின் தனிப்பட்ட அனுமதியின்றி எந்த அருள்பணியாளரும் பேய் ஓட்டக் கூடாது என்பது திருஅவைச் சட்டம் 1172. உளநோயைப் பேய் என்று தவறாக எண்ணிவிடக் கூடாது என்று பேயோட்டும் சடங்கு நூலே எச்சரிக்கிறது. செபமும் மருத்துவமும் சேர்ந்தே செல்லட்டும்.

"மன்னித்துவிடு" என்று அவசரப்படுத்தாதீர்கள். மன்னிப்பு இறைவன் தரும் கொடை. பாதிக்கப்பட்டவர்மீது நாம் சுமத்தும் வேலையல்ல. சமரசம் பேசுவதும், கொடுமை செய்தவனுக்கே மணமுடித்து வைக்கப் பார்ப்பதும் இரண்டாம் கொடுமை. தனக்கு நேர்ந்ததைத் தன் பாவமாக எண்ணி வருந்துவோருக்கும் ஒரு சொல்: ஒப்புரவு அருட்சாதனம் நாம் செய்த பாவத்துக்கு. பிறர் உங்களுக்குச் செய்த பாவத்துக்கு நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

அன்பார்ந்தவர்களே, பொள்ளாச்சிப் பெண்களின் உறுதி நமக்கு ஒன்றைக் கற்றுத்தருகிறது. வெட்கம் தனக்குரியதல்ல என்று ஒருவர் உணர்ந்துவிட்டால், மிரட்டலுக்கு வலுவில்லை. நீதிமன்றத்தில் சாட்சி சொன்னவர்கள் எட்டுப் பெண்கள். அவர்களைப் போலப் பேசத் துணிவில்லாதவர்கள் நம் ஊரிலும், நம் பங்கிலும், ஞாயிறு திருப்பலியில் நமக்குப் பக்கத்து இருக்கையிலும் இருக்கலாம். அடுத்த முறை "ஏன் அப்போதே சொல்லவில்லை?" என்ற கேள்வி நாவில் வரும்போது, அதற்கு முன் நம்மை நாமே ஒன்று கேட்டுக்கொள்வோம்: அப்போதே அவள் நம்மிடம் சொல்லியிருந்தால், நாம் என்ன செய்திருப்போம்?